மழைக்குலத்தான் மேல் ஒரு பிராது

— ...அந்தக் கிளைய விடு முபாங்கா, அது உன்னத் தாங்காது. உன் வயித்துல கெடக்கற களியே ஒரு ஆள் கனம்.

— கலூபா, என் பொண்டாட்டி, நீ கீழ நின்னு வெட்டிப் போட்டத அடுக்கு. மேல நிக்கறவனுக்கு வழி சொல்லாத. மழை எப்பவாவது காளான்கிட்ட வழி கேட்டுப் பெஞ்சிருக்கா?

— யாருடா உனக்குப் பொண்டாட்டி? உன்னக் கட்டறதுக்கு அந்த மரத்தக் கட்டலாம். வாயாவது பேசாம நிக்கும்.

— மரம் களி கேக்காது, அதுவும் உனக்கு லாபம்தான். உன் களியத் தின்னுட்டுப் பல்லு போனவங்க கதை ஊருக்கே தெரியும்.

— கேட்டுக்கோ. நீ விழுந்து செத்தா உன் எலும்ப இந்த அடுக்கோடயே காயவச்சுக் கொளுத்துவேன். சாம்பலுக்குக் கேழ்வரகு நல்லா வரும்.

— செத்தா நீதான் எனக்குக் குழி வெட்டணும். மழைக்குலத்துப் பிணத்தத் தூக்கறது காளான் குலம்தானே. நல்லா ஆழமா வெட்டு, எனக்குக் காலு நீளம்.

— காலா நீளம்? வாய் நீளம். வாய்க்குத் தனிக் குழி போடணும்.

— இரு இரு. பாதையில யாரோ ஓடி வர்றாங்க. ஆளு தெரியல, தொப்பி மட்டும் புதருக்கு மேல குதிக்குது.

— அந்தத் தொப்பி ஒண்ணுதானே இந்தப் பக்கம் உண்டு. கேள்வித்துரைதான். போமாவுல, அந்தச் சர்க்கார் ஆபீசுல, அதிகாரியப் பாக்கப் போனவர் அதுக்குள்ள திரும்பிட்டாரே. ஐயோ, சட்டையெல்லாம் முள்ளு கிழிச்சிருக்கு. துரை, மெதுவா வாங்க. இப்படி உக்காருங்க. தண்ணி குடிங்க.

— சகோதரியே, உமக்குச் சமாதானம் உண்டாவதாக. முபாங்கா என்பவன் எங்கே இருக்கிறான்?

— மேல பாருங்க. குரங்கு உக்கார்ற எடத்துல.

— முபாங்காவே, இறங்கி வாரும். உமக்கு ஆபத்து நேரிட்டிருக்கிறது.

— துரை, வணக்கம். நீங்க வந்த நாள்லேர்ந்து சொல்றேன், மிஷன் வேதப் புத்தகத்துல படிச்ச அந்தப் பேச்ச விடுங்க. நீங்க ஆபத்துன்னா எனக்கு முட்டி போட்டு ஜெபம் பண்ணத் தோணுது, ஓடத் தோணல.

— நான் மெய்யாகவே சொல்லுகிறேன். மிஷன் உபதேசியார் போமாவுக்கு வந்து உம்மேல் பிராது கொடுத்திருக்கிறார். முகூகா என்னும் பெரியவரை அடக்கம்பண்ணின அன்று, நீர் பிரேதத்தை அவமதித்தீர் என்று. நாளைக்குக் காவலர் உம்மைக் கட்டிக்கொண்டுபோக வருகிறார்கள். மழைக்காலம் வரைக்கும் சிறையில் கல் உடைக்கவேண்டியதாகும்.

— அவமதிச்சேனா? நானா? கிழவருக்கு நான் செஞ்ச மரியாதைய இந்த ஊர்ல வேற எவன் செஞ்சான்?

— நீர் குழியிலே இறங்கிப் படுத்துக்கொண்டீர்.

— படுத்தேன்.

— 'இது எனக்கு வெட்டின குழி, கிழவன் வேறு இடம் பார்த்துக்கொள்ளட்டும்' என்றீர்.

— சொன்னேன். யாரு இல்லேன்னா?

— ஒரு கோழி கொடுத்தாலொழிய எழும்பேன் என்றீர்.

— குடுத்தாங்க, இளைச்ச கோழி. அதையும் சொல்லிட்டாரா உபதேசியார்?

— துரை, கிழவர் நொண்டற மாதிரியே நொண்டிக் காமிச்சான், அத விட்டுட்டீங்க. எங்க மாமி, அதான் கிழவர் பொண்டாட்டி, அவங்ககிட்டப் போய் 'இனிமே நான்தான் உன் புருஷன், எந்திரிச்சுக் களி கிண்டு'ன்னான். மாமா செத்ததுலேர்ந்து அவங்க வாயில ஒரு வாய் தண்ணி விடாம அழுதுட்டுக் கெடந்தாங்க. இவன் சொன்னதக் கேட்டு அடக்க முடியாம சிரிச்சாங்க. சிரிச்சப்புறம்தான் தண்ணி எறங்குச்சு.

— அதிகாரி இவையெல்லாவற்றையும் கேட்டு மேசையைத் தட்டினார். 'செத்தவனுக்கு மரியாதை தெரியாத ஜனம்' என்றார். நான், 'இது இவர்களுடைய வழக்கம்' என்றேன். 'என்னத்துக்கு இந்த வழக்கம்?' என்றார். எனக்கு மறுமொழி வரவில்லை.

— தெனம் எங்களக் கேள்வி கேட்டே கொல்றீங்க, ஒத்தக் கேள்வி உங்களக் கேட்டா வாயடைச்சுப் போச்சா?

— போயிற்று. அவர் சொன்னார்: 'எனக்கு விளங்கும்படி ஒரே ஒரு வாக்கியம் கொண்டுவா. விளங்கினால் அவனை விடுகிறேன். விளங்காவிட்டால் அவனுக்குச் சிறை. நீயும் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு கப்பல் ஏறு. ஒரு வருஷமாய் இங்கே இருந்து ஒரு வாக்கியம் தெரியாதவனுக்கு இங்கே என்ன வேலை?'

— அப்ப ஆபத்து உங்களுக்கும்தானா?

— எனக்கும்தான்.

— முபாங்கா, எறங்கி வாடா. வெளையாட்டு இல்ல இது.

— இந்த மரம் முடியாம எறங்க மாட்டேன். பாதி வெட்டின மரம் ஊரெல்லாம் கேலி பேசும். நீங்க கீழ பேசுங்க, எனக்குக் காது ரெண்டும் மேலயேதான் இருக்கு.

— நீ ஜெயிலுக்குப் போனா இந்தத் தோட்டத்த எவன் வெட்டுவான்? வெட்டினது காயணும், காஞ்சத மழைக்கு முன்னால கொளுத்தணும். சாம்பல் இல்லேன்னா கேழ்வரகு இல்ல. எங்கம்மா எதத் தின்பா?

— அதான் வெட்டிக்கிட்டே இருக்கேன். வாயப் பொத்து. துரை, கேளுங்க. காரணம் ரொம்பச் சின்னது. மழை இல்லாம காளான் முளைக்குமா? முளைக்காது. ஆகையால காளான் குலத்தவங்க எல்லாம் எங்களுக்கு அடிமைங்க. முடிஞ்சுது. இதப் போய்ச் சொல்லுங்க.

— அடிமையா? காளான் இல்லேன்னா உங்க மழை எதுக்குப் பெய்யறது, சேத்துக்கா? துரை, அவனுக்கு மூளை மேல ஏறினா கால் கீழ எறங்கிடும். சிறுத்தைக் குலத்தான் ஆட்டுக் குலத்தானப் பாத்தா, 'இன்னிக்கு நல்லாக் கொழுத்திருக்கியே'ம்பான். ஆட்டுக் குலத்தான், 'உன் தோல விரிச்சு என் மாமியார உக்காரவைப்பேன்'ம்பான். அது மாதிரி நாங்களும் மழையும்.

— அது எனக்குத் தெரியும். ஆனால் ஏன் சாவிலே? என் தேசத்திலே ஒரு ஆசான் இருக்கிறார், மகா பெரியவர். இப்படிப்பட்ட ஏளனம் பூர்வத்திலே குலங்கள் செய்த யுத்தத்தின் மிச்சம் என்று எழுதியிருக்கிறார்.

— அவரு எந்தக் குலத்தோட இருந்து பாத்தாரு?

— எந்தக் குலத்தோடும் இல்லை. அவர் தம்முடைய நாற்காலியை விட்டு எழுந்ததே இல்லை. பாதிரிகளும் மாலுமிகளும் எழுதின கடிதங்களை வாசித்து, அவைகளைக்கொண்டு உலகத்து ஜனங்கள் எல்லாரையும் பற்றிப் புத்தகம் எழுதினார்.

— காட்டுக்கே போகாம தேன் எடுத்தவரு. அவரு புத்தகத்துல எத்தன தேனீ கொட்டுச்சாம்?

— கலூபா, முன்ன ஒரு துரை வந்தாரே, இரும்புக் கிடுக்கியோட. எல்லார் மூக்கையும் தலையையும் புடிச்சுப் புடிச்சு அளந்துட்டுப் போனாரே. அவராவது வந்தாரு.

— உன் தலைய அளக்கறப்ப தட்டிப் பாத்துட்டு 'உள்ள காலி'ன்னு எழுதிட்டுப் போனாரு, அவரா?

— அவர் எலும்பை அளந்தார். நாங்களோ அதற்குப் பிற்பாடு வந்தவர்கள். எங்கள் குரு எங்களுக்குச் சொன்னது வேறு. 'கூடாரத்தை எடுத்துக்கொண்டு போ. அவர்கள் பாஷையைப் பேசு. அவர்கள் உண்கிறதை உண். யார் யாருக்கு என்ன முறை என்று கேள். அதிலேயே எல்லாம் அடங்கியிருக்கிறது' என்றார்.

— அதுக்குத்தான் கம்பளிப்புழு வறுவல ஒரு சட்டி தின்னுட்டு, புதருக்கும் கூடாரத்துக்கும் ஓடிக்கிட்டே இருந்தீங்களா?

— அறிவின் பொருட்டு ஓடினேன்.

— நல்ல மனுஷன். மொறை கேக்கறாரு, சரி. ஆனா இவங்க பாஷையில அத்தை மகனுக்கும் சித்தப்பா மகனுக்கும் ஒரே சொல்லாமே, முபாங்கா. அன்னிக்குச் சொன்னாரு, எனக்குத் தூக்கமே வரல.

— ஒரே சொல்லா? அப்ப யாரக் கட்டறது, யாரக் கண்டா எந்திரிச்சு நிக்கறதுன்னு எப்படித் தெரியும்?

— தெரியாது. ஆகையால்தான் நாங்கள் எல்லாரிடத்திலும் தட்பவெப்பத்தைப் பற்றியே பேசுகிறோம்.

— பாவம். சரி துரை, கேட்டுக்கோங்க. நான் சொல்றேன். முகூகா எங்கம்மா கூடப்பொறந்த அண்ணன். எனக்குத் தாய்மாமன். என்னத் தோள்ல தூக்கி வளத்தவரு. அவரு செத்தப்போ எங்களால அவரத் தொட முடியல. கை வரல. குளிப்பாட்டணும், கால நீட்டிக் கட்டணும், குழி வெட்டணும், மொகத்து மேல மண்ணப் போடணும். மொகத்து மேல, துரை. எங்கள்ல யாரு போடுவா? அழாத கண்ணு உள்ள ஒருத்தன் வேணும். அதுக்காக அந்நியன விட முடியுமா? கை சொந்தக் கையா இருக்கணும். அழாத கண்ணு, சொந்தக் கை. ரெண்டும் ஒரே ஆள்கிட்ட எங்க கெடைக்கும்? அதுக்குத்தான் இந்தக் குரங்க வச்சிருக்கோம்.

— நான் சொல்லட்டுமா ஒண்ணு? குழியில படுத்தது எதுக்குன்னு நெனச்சீங்க? நீளம் பாக்க. கிழவரு என்னவிடக் கொஞ்சம் உசரம். படுத்துப் பாத்தேன், என் தலையே இடிச்சுச்சு. எந்திரிச்சு இன்னும் வெட்டினேன். வாய் பாட்டுக்குச் சிரிச்சுது, கை பாட்டுக்கு வெட்டுச்சு.

— அத எங்கிட்ட நீ சொல்லவே இல்லியே.

— கேலி பண்றவன் எல்லாத்தையும் சொல்லிட்டே இருப்பானா?

— அழாத கண், சொந்தக் கை. மெய்யாகவே இது ஒரு வாக்கியம். அந்த ஆசான் நாற்காலியிலே உட்கார்ந்து நூறு புத்தகம் வாசித்தும் இது அவருக்குக் கிடைக்கவில்லை. சகோதரியே, உம்முடைய பேரைச் சொல்லி இதை அதிகாரியிடம் கூறட்டுமா?

— என் பேரு எதுக்கு? போமாவுல பேர எழுதினா அடுத்து வரி கேப்பாங்க.

— ஆகட்டும். இன்னும் ஒரே கேள்வி உண்டு.

— ஆரம்பிச்சுட்டாரு.

— முபாங்காவே, நீர் கலூபாவை மனைவி என்று அழைக்கிறீர். இது ஏளனம்.

— ஏளனமேதான். காளான் குலத்துல கெழவி, குமரி, பல்லு மொளைக்காதது எல்லாமே என் பொண்டாட்டிதான். மழை ஆள் பாத்தா பெய்யும்?

— அப்படியானால், ஒருவன் அவர்களில் ஒருத்தியை மெய்யாகவே மனைவியாக்கிக்கொள்ள விரும்பினால், அதை எந்தச் சொல்லால் சொல்லுவான்? அந்தச் சொல்லைத்தான் முன்னமே செலவழித்துவிட்டானே.

— முபாங்கா, துரை கேக்கறாரு.

— வெட்டற சத்தத்துல ஒண்ணும் கேக்கல.

— நீ வெட்டறத நிறுத்தி ரொம்ப நேரமாச்சு.

— கோடாலி சூடாயிடுச்சு. ஆற வச்சிருக்கேன்.

— நான் கண்டதைச் சொல்லுகிறேன், பிழையானால் திருத்தும். இத்தேசத்திலே ஒருவன் தன் மாமியாருடைய தோட்டத்துக்காக மரம் ஏறி வெட்டுவான். பெண் கேட்கிறவன் செய்கிற ஊழியம் அது. இந்தத் தோட்டமோ கலூபாவின் தாயாருடையது.

— அது வேற துரை. எங்கண்ணனுங்க ரெண்டு பேரும் தாமிரச் சுரங்கத்துக்குப் போயிட்டாங்க. என்னக் கட்டினவனும் அங்கயே ஒருத்தியச் சேத்துக்கிட்டு, எனக்கு ஒரு போர்வைய அனுப்பி வுட்டான், 'இதப் போத்திக்கிட்டு என்ன மறந்துடு'ன்னு. வெட்ட ஆளில்ல. இவன் பந்தயத்துல தோத்தான், அதான் வெட்டறான்.

— என்ன பந்தயம்?

— அது வந்து... என்ன பந்தயம்டா அது?

— மறந்துபோச்சு.

— நீதானே வந்து சொன்ன, பந்தயத்துல தோத்துட்டேன், வெட்டித் தர்றேன்னு. யாருகிட்ட தோத்த?

— அதுவும் மறந்துபோச்சு.

— மேலும், கலூபாவின் தாயார் கூடையோடு பாதையில் வருகையில் நீர் புதருக்குள்ளே பாய்ந்தீர். மாமியாரைக் கண்டால் மருமகன் ஒளிந்துகொள்வது இவ்வூர் வழக்கம்.

— பாம்புன்னு நெனச்சேன்.

— எங்கம்மாவப் பாம்புங்கறியா?

— உங்கம்மாவச் சொல்லல. பாம்பப் பாத்து... உங்கம்மான்னு... துரை, உங்களுக்கு வேற வேலை இல்லியா?

— இதுவே என் வேலை. அம்மையார் வந்தபோதெல்லாம் பாம்பும் வந்ததோ?

— மூணு தடவ கவனிச்சேன் நானும். கிறுக்கு புடிச்சிருச்சுன்னு நெனச்சேன். முபாங்கா, கீழ பாரு. என் மொகத்தப் பாத்துச் சொல்லு.

— பாக்க முடியாது. வெயில்... கலூபா, நகரு. நகரு, கிளை முறியுது.

— ஐயோ, பக்கத்துக் கொம்பப் புடி. புடிடா. துரை, அடியில போகாதீங்க. துரை, சொன்னாக் கேளுங்க, அங்க நிக்காதீங்க, துரை...

*

— உசுரு இருக்கா?

— யாருக்குக் கேக்கற?

— ரெண்டு பேருக்கும்தான்.

— எனக்கு இருக்கு. கீழ என்னமோ மெத்துனு இருந்துச்சு, பொழச்சேன்.

— அந்த மெத்து நான்தான். சற்றே எழும்பும்.

— ஐயோ துரை. கலூபா, துரைய நசுக்கிட்டேன். இப்ப பிரேதத்தோட உசுருள்ளவரையும் அவமதிச்சேன்னு எழுதுவாங்க.

— சிரிக்காதடா. துரை, நீங்க ஏன் சிரிக்கறீங்க? மூக்குல ரத்தம் வருது. ஐயோ, எனக்கும் சிரிப்பு வருது. நகரச் சொன்னேனே, எதுக்கு அடியில போய் நின்னீங்க?

— கரங்களை நீட்டினேன். பிடித்துவிடலாம் என்று எண்ணினேன்.

— இவனையா? மூட்டை மாதிரி வர்றவனையா? கேட்டுக்கோங்க துரை. மரத்துலேர்ந்து ஒருத்தன் விழுந்தா, ஊரு தள்ளி நின்னு கத்தும். அடியில ஓடறவன் சொந்தக்காரன் மட்டும்தான். நீங்க என்ன குலம்?

— எனக்குக் குலம் இல்லை. எங்கள் தேசத்திலே...

— குலம் இல்லாம ஒரு மனுஷன் இருப்பானா? வெள்ளையா, மெத்துனு, எங்கேர்ந்து வந்துச்சுன்னே தெரியாம, ஒரு நாள் காலைல பாத்தா ஊருக்கு வெளிய முளைச்சு நிக்குமே, அது என்ன?

— கூடாரமா?

— காளான். நீங்க எங்க குலம். எனக்கு அண்ணன்.

— அப்ப துரை எனக்குக் கேலி மொறைக்காரரு. கலூபா, அப்ப நான் இவரத் திட்டலாமா?

— திட்டேன்.

— ... வரல. தொப்பியப் பாத்தா நாக்கு உள்ள போயிடுது. வெள்ளைக்காரரத் திட்டினவன் முதுக நீ பாத்திருக்கியா? நான் பாத்திருக்கேன்.

— அப்ப இப்படிச் செய்யுங்க. காவலன் வந்து கயித்தக் கட்டறதுக்கு முன்னால, நீங்களே ரெண்டு பேரும் போமாவுக்கு நடங்க. ஓடிப் போறவனத்தான் கட்டுவாங்க, நடந்து வர்றவன என்ன பண்ணுவாங்க? நான் ஆத்துத் துறையில காத்திருக்கேன்.

— சரி. போறோம்.

— பாத்துப் போ முபாங்கா. ஒடம்பு பத்திரம்.

— ஏய், நல்ல வார்த்தை சொல்லாத. நீ நல்ல வார்த்தை சொன்னா எனக்குக் குழி வெட்டியாச்சோன்னு தோணுது. திட்டி அனுப்பு.

— போய்த் தொலை. திரும்பி வரலேன்னா உன் கோடாலிய வித்து உப்பு வாங்கித் தின்பேன்.

— இப்ப சரி. வாங்க துரை.

*

— ரெண்டு பேரும் வர்றீங்க. கயிறக் காணும். அப்ப தோத்தது யாரு?

— கலூபா, மொதல்ல தண்ணி குடு. சொல்றேன். போமாவுல போய் நின்னோம். நின்னோம். நின்னுக்கிட்டே இருந்தோம். அங்க அதுதான் வேலை போல. அப்புறம் கூப்பிட்டாங்க. அதிகாரி தேத்தண்ணி குடிச்சிட்டு உக்காந்திருக்காரு. ஒரு பக்கம் உபதேசியாரு, கதவோரமா ஒரு காவலன்.

— நான் நம்முடைய வாக்கியத்தைச் சொன்னேன். அதிகாரி மூக்கைச் சொறிந்தார். 'அழகாய் இருக்கிறது. வருகிற வழியிலே புனைந்தீரோ?' என்றார்.

— துரை மொகம் சுருங்கிப் போச்சு. வாடின காளான் மாதிரி. உபதேசியாரு 'பொய், பொய்'னு தலைய ஆட்டறாரு.

— புனைவு அல்ல, இவர்களுக்குள்ளே ஏளனமே உறவு, எனக்கும் அந்த உறவு உண்டு, நான் காளான் குலத்தான் என்றேன்.

— அதிகாரி சிரிச்சாரு, கலூபா. 'ஓகோ, அப்படியா? அப்ப இவன் என் முன்னாலயே உன்னத் திட்டட்டும், பாப்போம்'னாரு. செவுத்துல விலங்கு தொங்குது. நான் திட்டினா அது வெள்ளைக்காரரத் திட்டின குத்தம். திட்டலேன்னா துரை சொன்னது பொய்.

— திட்டினியா?

— வாயத் தொறந்தேன். காத்துதான் வந்துச்சு. அப்ப துரை என் முன்னால வந்து நின்னாரு. தொப்பியக் கழட்டினாரு. கழட்டித் தரையில வச்சாரு. அந்த ஊர்ல எவனும் அப்படிப் பாத்ததில்ல. 'முபாங்காவே, மழை வராமற்போனால் காளான் செத்துப்போகும்'னாரு.

— அப்புறம்?

— அப்புறம் என்ன, மழை பெஞ்சுச்சு.

— என்ன சொன்னடா?

— 'அடே வெளுத்துப்போன காளானே, உன்னப் பறிச்சாக் கறிக்கு ஆகமாட்ட, விட்டா ஈயும் மொய்க்காது. ஊர்ல செத்தவன் பேரெல்லாம் கேட்டுக் கேட்டு எழுதறியே, உன் பேர எழுத ஒருத்தன் உண்டா? நீ செத்தா நான்தான்டா வந்து குழி வெட்டணும். எவ்வளவு வெட்டினாலும் உன் கொக்குக் காலு வெளிய நீட்டிக்கிட்டு நிக்கும். அதுல என் கோவணத்தக் காயப்போடுவேன்'னேன்.

— ஐயோ முபாங்கா. ஐயோ, வயிறு வலிக்குது. அதிகாரி?

— தேத்தண்ணி மூக்கு வழியா வந்துச்சு.

— அவர் நான் சினங்கொள்வேன் என்று காத்துக்கொண்டிருந்தார்.

— இவரு என்ன பண்ணாரு தெரியுமா? சிரிச்சாரு. சிரிச்சு, மூக்குக் கண்ணாடி கீழ விழுந்து, அப்புறம் அழுதாரு.

— அழவில்லை.

— அழுதீங்க.

— 'நீ செத்தால் நான் வந்து குழி வெட்டுவேன்' என்று என் தேசத்திலும் எவரும் எனக்குச் சொன்னதில்லை. கொஞ்சம் அழுதேன்.

— இன்னும் கேளு கலூபா, அங்கதான் கூத்து. துரை சிரிக்கறதப் பாத்து, கதவோரம் நின்ன காவலனுக்கும் வாய் ஊறிப்போச்சு. அவன் சிறுத்தைக் குலம். நம்ம உபதேசியாரு ஆட்டுக் குலம். அவன் மெல்ல, 'ஆடே, கழுத்து மணி எங்க?'ன்னான். உபதேசியாரு கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள, 'உன் தோல உரிச்சு என் கோயிலுக்குப் பாய் போடுவேன்'னுட்டாரு. அப்புறம்தான் எங்க நிக்கறோம்னு தெரிஞ்சு வாயப் பொத்திக்கிட்டாரு. பொத்தின கைக்குப் பின்னால தோளு குலுங்குது.

— அதிகாரி எங்கள் நால்வரையும் மாறிமாறிப் பார்த்தார். 'எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் என்னைத் தவிர எல்லாருக்கும் விளங்கியிருக்கிறது. போங்கள்' என்றார்.

— போங்கன்னாரா? அவ்வளவுதானா?

— அவ்வளவுதான். பிராது போச்சு. துரையும் இங்கயே இருக்கலாம்.

— அப்ப எதுக்குடா மொகத்தத் தொங்கப்போட்டுக்கிட்டு நிக்கற? கயிறு இல்லேன்னு வருத்தமா?

— துரை என்னத் திருப்பித் திட்டல.

— திட்டலியா? துரை, ஏன்?

— பாத்தியா. திட்டுக்குத் திட்டு வந்தாத்தான் கேலி. வரலேன்னா அது வெறும் திட்டுதானே. போமாவுலேர்ந்து அந்தரத்துல தொங்கிக்கிட்டே வர்றேன். எப்ப கோவப்படுவாரோன்னு.

— நான் கோபப்படவில்லை. அஞ்சுகிறேன். என் தேசத்தார் இவனை வேறு விதமாய்த் திட்டியிருக்கிறார்கள். இவனே முதுகைப் பற்றிச் சொன்னானே. என் வாயிலிருந்து வந்தால் அது கல்லாய் விழும்.

— அது அந்நியன் திட்டு. நீங்க எனக்கு அண்ணன். அந்த வேதப் புத்தகத்துப் பேச்சுல திட்டினாத்தான் கல்லு மாதிரி விழும். எங்கள மாதிரி பேசுங்க. எங்க பேச்சுல திட்டினா சேறு மாதிரிதான் விழும், கழுவிக்கலாம்.

— எனக்கு அந்தப் பேச்சு வராது.

— வரும். இத்தன மாசமா எங்க நடுவுல உக்காந்து காது குளிரக் கேட்டீங்களே, எங்க போகும்? முபாங்கா, நீயும் கேளேன். எதுக்கு அப்பப்ப ஆத்தையே பாக்கற? ஆத்துல என்ன இருக்கு?

— ஒண்ணுமில்ல. தண்ணி ஓடுது.

— என்னமோ மறைக்கற நீ. துரை, வர்ற வழியில வேற ஏதாவது நடந்துச்சா?

— நடந்தது. ஆனால் சொல்லக்கூடாது என்று இவன் என்னிடத்தில் சத்தியம் வாங்கியிருக்கிறான்.

— துரை.

— எங்கிட்ட மறைக்கச் சத்தியமா? எத மறைக்கற? மரத்து மேல உக்காந்து கேட்ட கேள்விக்கும் பதில் சொல்லாம விழுந்து வச்ச. இப்பவும் விழறதுக்கு மரம் தேடறியா?

— கலூபா, நான் நாளைக்குச் சொல்றேன். நானே வந்து சொல்றேன். இல்ல, அறுப்பு முடியட்டும், அப்ப சொல்றேன்.

— அண்ணே, நீங்களாவது வாயத் தொறங்க.

— டேய் மச்சான், மழைக்குப் பொறந்த தவளை, போமாவுலேர்ந்து இதுவரைக்கும் என் சட்டையப் புடிச்சுக்கிட்டு 'உன் தங்கச்சியக் குடு, உன் தங்கச்சியக் குடு'ன்னு கத்திக்கிட்டே வந்தியே, இப்ப அவ எதுக்க வந்து நிக்கறப்ப மட்டும் தொண்டையில என்னடா அடைப்பு?